நெடுஞ்சாலையில் சைக்கிள்: எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது, ஏன்?

தோட்டத்து மக்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பால் வாளி தொங்கியது சைக்கிளில்தான். பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போனதும், வார இறுதியில் அரிசியும் மளிகைச் சாமான்களும் கம்பத்துக் கடையிலிருந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் சைக்கிளில்தான். அக்காலத்தில் சைக்கிளுக்கும் லைசன் எடுத்து, சிறு தகடு மாட்டியதை மூத்தவர்கள் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள்.

சைக்கிள் மாறவில்லை, ஆனால் அதைச் சுற்றியிருந்த சாலை மாறிவிட்டது. தோட்டத்தின் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. செம்மண் பாதை முடியும் இடத்தில் நான்கு தடச் சாலை தொடங்குகிறது. ஷா ஆலத்தையும் ரவாங்கையும் இணைக்கும் கத்ரி காரிடார் நெடுஞ்சாலையின் பெயரிலேயே ஒரு தோட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அது ஓடும் நிலமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த நிலம்.

இன்றும் வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். உடற்பயிற்சிக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவாகப் புறப்படுகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். எந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது, அனுமதி இருந்தும் எந்தச் சாலை ஆபத்தானது, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

எந்தச் சாலை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மலேசியாவில் சாலைகளைப் பலகையின் நிறத்தைக் கொண்டே பெரும்பாலும் அடையாளம் காணலாம். பச்சை நிறப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது டோல் நெடுஞ்சாலை. அதன் எண்ணுக்கு முன்னால் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஈ-1, ஈ-2 என்பவை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் எண்கள். நீல நிறப் பலகை இருந்தால் அது கூட்டரசு சாலை அல்லது மாநிலச் சாலை.

டோல் நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பாதசாரிகள், திரிஷா போன்றவற்றுக்கும் அங்கே இடமில்லை. நுழைவாயிலில் சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் போட்ட பலகை இருப்பதைப் பார்க்கலாம். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதில் மோட்டார் சைக்கிள்கள் டோல் கட்டாமல் போகலாம். அதனால், மோட்டார் சைக்கிள் போகிறதே, சைக்கிள் போனால் என்ன என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்த அனுமதி சைக்கிளுக்குப் பொருந்தாது.

அவசரத் தடத்தில் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அவசரத் தடம் பழுதான வண்டிகளுக்கும் ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. அதுவும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிதான், தனிப் பாதை அல்ல.

கூட்டரசு சாலைகளில் நிலைமை வேறு. ஒன்றாம் எண் சாலை என்று நாம் சொல்லும் பழைய பெருஞ்சாலை சுங்கைப் பட்டாணி, சுங்கை சிப்புட், ஈப்போ, தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஊர் ஊராகப் போகிறது. ஐந்தாம் எண் சாலை கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர், தெலுக் இந்தான் வழியாக மேற்குக் கரையோரம் செல்கிறது. இரண்டையும் ஒட்டித் தோட்டங்கள் நிறைய உண்டு. தடைப் பலகை இல்லாத இடங்களில் இச்சாலைகளில் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் பல பகுதிகளில் வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110க்கும் இதற்கும் 20 கிலோமீட்டர்தான் வித்தியாசம். பாதுகாப்பு வேலியோ, அகலமான ஓரமோ, பிரிப்புச் சுவரோ பல இடங்களில் இருக்காது. சட்டப்படி ஓட்டலாம் என்பதால் மட்டும் அந்தச் சாலை பாதுகாப்பானதாகிவிடாது.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதன் எண் 2. அங்கிருந்த பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல் சாவடிகள் 2018ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் கட்டணம் வாங்குவதை நிறுத்திவிட்டன. டோல் இல்லை என்பதால் அது சாதாரணச் சாலை ஆகிவிடவில்லை. வேகம், தடங்களின் எண்ணிக்கை, நுழைவு வெளியேறும் வளைவுகள் எல்லாம் நெடுஞ்சாலைக்கு உரியவை.

இந்தச் சாலையில்தான் 1970களில், உலக வங்கித் திட்டத்தின் கீழ், மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித் தடம் போடப்பட்டது. 1990களில் ஷா ஆலம் பகுதியில் தடம் நீட்டிக்கப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்திருந்தது தெரியவந்தது. சிறிய வண்டியைப் பெரிய வண்டியிடமிருந்து பிரித்தால் உயிர் மிஞ்சும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று இது. ஆனால் அந்தத் தடமும் மோட்டார் சைக்கிளின் வேகத்துக்காக அமைக்கப்பட்டது. குறுகலான வளைவுகளும், சாலைக்கு அடியில் செல்லும் இருண்ட சுரங்கப் பகுதிகளும் அதில் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். பின்னால் வேகமாக வரும் மோட்டார் சைக்கிளுக்கு, முன்னால் மெதுவாகப் போகும் சைக்கிள் கடைசி நொடியில்தான் தெரியும்.

வேகத்தின் கணக்கு

சைக்கிளை ஏன் நெடுஞ்சாலையில் அனுமதிப்பதில்லை என்பதற்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு.

சாதாரணமாகச் சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்னால் கார் 110 கிலோமீட்டரில் வருகிறது. வித்தியாசம் 90 கிலோமீட்டர். அதாவது ஒவ்வொரு நொடியும் இடைவெளி 25 மீட்டர் குறைகிறது. ஓட்டுநர் 100 மீட்டர் தூரத்தில் சைக்கிளைக் கண்டால், அவருக்குக் கிடைப்பது 4 நொடிகள். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி போய்விடும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான்கு நொடியும் போய்விடும்.

காய்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள கார் முழுமையாக நிற்பதற்குத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய இப்படி:

மணிக்கு 60 கிலோமீட்டரில் 45 மீட்டர்.
மணிக்கு 90 கிலோமீட்டரில் 80 மீட்டருக்கும் சற்று மேல்.
மணிக்கு 110 கிலோமீட்டரில் 110 மீட்டருக்கும் மேல்.

மழையில் நனைந்த சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு இந்தத் தூரம் 160 மீட்டரைத் தாண்டிவிடலாம். சுமை ஏற்றிய லோரிக்கு இன்னும் கூடுதல் தூரம் வேண்டும்.

மோதலின் வலிமையும் வேகத்தைப் போல நேராகக் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்பும் காற்றுப் பையும் இருக்கின்றன. சைக்கிளில் இருப்பவரைச் சுற்றி ஒரு சட்டை மட்டுமே. சைக்கிளுக்குப் புகழ்பெற்ற நெதர்லாந்தில், வண்டிகள் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சாலையில் சைக்கிளை அவற்றோடு கலக்காமல் தனிப் பாதை கொடுப்பதைக் கொள்கையாக வைத்திருப்பது இதனால்தான்.

இன்னோர் ஆபத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய லோரியோ பேருந்தோ பக்கத்தில் வேகமாகக் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். புதிதாக ஓட்டுபவரும், கேரியரில் சுமை வைத்திருப்பவரும் இந்த இழுப்பில் தடுமாறிச் சாலையின் உட்பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

விபத்து நடக்கும் இடங்கள்

நேரான சாலையைவிடச் சில இடங்கள் மிகக் கூடுதலான ஆபத்து கொண்டவை.

முதலாவது, சாலையிலிருந்து இடப்பக்கம் பிரியும் வளைவு. சைக்கிள் ஓரமாக நேரே போக நினைக்கும். பின்னால் வரும் கார் வேகம் குறையாமல் இடப்பக்கம் வெளியேற நினைக்கும். இரண்டு பாதையும் ஒன்றையொன்று வெட்டும். இங்கே நேரே ஓட்டிக் கடக்கக் கூடாது. வளைவு தொடங்கும் இடத்தில் நின்று, இறங்கி, பின்னால் பார்த்து, வண்டி வராதபோது குறுக்காக நேர்க்கோட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு நிமிடம்தான் கூடுதலாகும்.

இரண்டாவது, தோட்டத்துச் சாலை பெருஞ்சாலையில் சேரும் முச்சந்தி. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் இங்கே திரும்பும். லோரியின் இடப்பக்கத்தில் ஓட்டுநருக்குத் தெரியாத பகுதி பெரியது. நிற்கும் லோரிக்கு இடப்பக்கம் நுழைந்து நிற்பது உயிரைப் பணயம் வைப்பது. லோரிக்குப் பின்னாலேயே, அதன் கண்ணாடியில் நம் முகம் தெரியும்படி நிற்க வேண்டும்.

மூன்றாவது, பாலம். சாலையில் இருந்த ஓரம் பாலத்தில் திடீரென்று காணாமல் போய்விடும். சைக்கிள் தடத்துக்குள் ஒதுங்க நேரும். பின்னால் வண்டி வருகிறதா என்று பாலத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, வலப்பக்கம் திரும்புவது. பல தடங்கள் உள்ள சாலையில் சைக்கிளை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்ப முயல வேண்டாம். இடது ஓரத்திலேயே சந்திப்பைக் கடந்து நின்று, பாதசாரியைப் போல் குறுக்கே கடப்பதே நல்லது.

எதிர்த்திசையில் ஓட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 90 கிலோமீட்டரில் வரும் கார், 20 கிலோமீட்டரில் அதே திசையில் போகும் சைக்கிளை 70 கிலோமீட்டர் வித்தியாசத்தில் நெருங்குகிறது. எதிர்த்திசையில் போனால் அது 110 ஆகிறது. சந்திப்பிலிருந்து வெளியே வரும் ஓட்டுநரும் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

இருட்டும் பள்ளி நேரமும்

1982ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டு, சபா சரவாக்கோடு ஒன்றாக்கப்பட்டது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அதனால் நம் பக்கத்தில் சூரியன் உதிப்பது காலை மணி 7.00ஐ ஒட்டித்தான். காலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும், பால் வெட்டப் போகும் தொழிலாளியும், தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்குப் போகிறவரும் இருட்டில்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். பெருஞ்சாலையில் லோரிகளும் வேலைக்குப் போகும் வண்டிகளும் பெருகும் நேரமும் அதுதான்.

ஆகவே விளக்கு ஓர் அலங்காரப் பொருள் அல்ல. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சக்கரத்திலும் பெடலிலும் ஒளி திருப்பும் வில்லை ஆகியவை அவசியம். பழைய டைனமோ விளக்கு சைக்கிள் நின்றதும் அணைந்துவிடும். சந்திப்பில் நிற்கும் நேரத்தில்தான் விளக்கு மிகவும் தேவை. ஆகவே பேட்டரி விளக்கே மேல். கருநீல மேற்சட்டை அணிந்த பிள்ளையைத் தாழ்ந்த விளக்கொளியில் சில பத்து மீட்டர் தூரத்தில்தான் ஓட்டுநர் காண முடியும். சாலைப் பணியாளர்கள் போடும் ஒளிப்பட்டை மேலங்கி விலை அதிகமில்லை. பள்ளிப் பையின் பின்புறம் ஒளிப்பட்டை ஒட்டினாலும் பலன் உண்டு.

மலேசியாவில் மோட்டார் சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். சைக்கிள் ஓட்டும்போதும் அதற்குரிய தலைக்கவசம் அணிவது நல்ல பழக்கம். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைச் சிறுபிள்ளைக்கு மாட்டி அனுப்ப வேண்டாம். அது கனமானது, காதை மூடும், பின்னால் வரும் வண்டியின் ஓசை கேட்காது.

'லாஜாக்' சைக்கிள் தந்த பாடம்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி விடியற்காலை 3 மணியளவில், ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாமில், சைக்கிள் கும்பல் ஒன்றின்மீது கார் மோதியது. 8 பதின்ம வயதுப் பிள்ளைகள் மாண்டனர். அவர்கள் ஓட்டியவை 'பாசிகல் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்கள். கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கையும் விளக்கையும் கழற்றி, வேகத்துக்காகவே ஆக்கப்படுபவை இவை.

கார் ஓட்டுநர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு ஆறு ஆண்டுகள் நீடித்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இரண்டு முறை விடுதலை செய்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைத்தண்டனை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து அவரை விடுவித்தது. இரு தரப்புக்காகவும் நாடு பிரிந்து நின்று வாதிட்டது. எந்தத் தீர்ப்பு வந்திருந்தாலும் அந்த எட்டு வீடுகளுக்கும் பிள்ளைகள் திரும்பி வந்திருக்கப் போவதில்லை.

பிள்ளையின் சைக்கிளைப் பெற்றோர் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, இருக்கை தாழ்த்தப்பட்டிருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே போதும், பிள்ளை எங்கே ஓட்டுகிறான் என்பது தெரிந்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் சைக்கிள் வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. நின்றபடி ஓட்டும் சிறு மின்சார வண்டிகளை மலேசியச் சாலைகளில் ஓட்ட 2021 டிசம்பரில் தடை விதிக்கப்பட்டது. கடையில் விற்கிறார்கள் என்பதற்காக அதைச் சாலையில் ஓட்டலாம் என்று பொருளல்ல.

பாலங்களும் எல்லையும்

பினாங்கின் இரண்டு பாலங்களிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சிறப்பு நிகழ்ச்சிகளுக்குச் சாலையை மூடி அனுமதிக்கும்போது மட்டுமே விலக்கு. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குச் சைக்கிளோடு போக விரும்புகிறவர்கள் ஃபெரியில் போகலாம். பாதசாரிகள், மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள் ஆகியவற்றை அது ஏற்றுகிறது.

ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் உள்ள ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தில் சைக்கிள்கள் மோட்டார் சைக்கிள் தடத்தின் வழியாகப் போகின்றன. காலையிலும் மாலையிலும் அங்கே மோட்டார் சைக்கிள்களின் நெரிசல் எப்படி இருக்கும் என்பது அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தைத் தவிர்ப்பதே நல்லது. துவாஸ் வழியான இரண்டாவது இணைப்பு நெடுஞ்சாலையோடு சேர்ந்தது. அந்த வழி சைக்கிளுக்கு உரியதல்ல.

சிங்கப்பூரில் என்ன விதி?

சிங்கப்பூரில் எல்லா விரைவுச்சாலைகளிலும் சாலைச் சுரங்கங்களிலும் மிதிவண்டிக்குத் தடை உண்டு. மற்றச் சாலைகளில் ஓட்டலாம். அங்கே உள்ள முக்கிய விதிகள்:

சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் 2019 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்பு ஒளிவில்லையோ இருக்க வேண்டும். பிரேக் வேலை செய்ய வேண்டும்.

2022 ஜனவரி 1 முதல், குழுவாகப் போனால் நீளவாக்கில் 5 மிதிவண்டிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. இருவர் இருவராகப் போனால் 10 பேர். ஒரே தடம் உள்ள சாலையிலும், பேருந்துத் தடம் செயல்படும் நேரத்திலும் ஒருவர் பின் ஒருவராகவே போக வேண்டும். இவ்விதிகளை மீறினால் கட்ட வேண்டிய சமரசத் தொகை அப்போது 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது.

மிதிவண்டியைக் கடக்கும் வாகனங்கள் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது.

நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், மிதிவண்டிப் பாதையில் 25 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு. மின்சார மிதிவண்டிக்குப் பதிவும் எண்பலகையும் வேண்டும். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். நடைபாதையில் அதை ஓட்டக் கூடாது.

உணவு விநியோகத்துக்கும் கட்டுமானத் தளத்துக்கும் மிதிவண்டியில் போகும் தொழிலாளர்கள் இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வேகமான சாலையைத் தவிர்க்கப் பூங்கா இணைப்புப் பாதைகள் உண்டு. 2011ஆம் ஆண்டு ரயில் ஓட்டம் நின்ற பழைய கேடிஎம் தண்டவாள வழி, இன்று 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதையாக இருக்கிறது.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால்

தொழிலாளர் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. வீட்டிலிருந்து வேலை இடத்துக்கோ, வேலை இடத்திலிருந்து வீட்டுக்கோ போகும் வழியில் நேரும் விபத்தை, 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்து விபத்தாகவே கருதுகிறது. பெர்கேசோவில், அதாவது சொக்சோவில், சந்தா கட்டப்படும் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. காரில் போனாலும் சைக்கிளில் போனாலும் நடந்து போனாலும் இது பொருந்தும். 2019 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

பலர் இழப்பீட்டை இழப்பது உரிமை இல்லாததால் அல்ல, ஆதாரம் இல்லாததால். ஆகவே கீழ்க்கண்டவற்றை மறக்க வேண்டாம்.

காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அன்றே அரசாங்க மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ போய்ப் பதிவு செய்யுங்கள். எப்படி நேர்ந்தது என்று கேட்டால், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது வாகனம் மோதியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'கீழே விழுந்துவிட்டேன்' என்று மட்டும் சொன்னால் அதுவே எழுதப்படும்.

24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். அடிபட்டவர் படுக்கையில் இருந்தால் குடும்பத்தார் போய்ச் செய்யலாம். மோதிய வாகனத்தின் எண், நிறம், இடம், நேரம் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள்.

முதலாளிக்குத் தகவல் கொடுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரியது பாரம் 34. பயண விபத்து என்றால் வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையிலான வழியைக் காட்டும் வரைபடமும் கேட்கப்படும். சொந்த வேலையாக வேறு வழியில் சுற்றிப் போயிருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

மோதியது மோட்டார் வாகனம் என்றால், அதன் மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் இழப்பீடு கோரவும் வழி உண்டு. பெர்கேசோ கிடைத்துவிட்டது என்பதற்காக இதை விட்டுவிட வேண்டியதில்லை. கையெழுத்துக் கேட்டு யாராவது மருத்துவமனைக்கே வந்தால், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம்.

இந்தப் பாதுகாப்பு தொழிலாளிக்கு மட்டுமே. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது கிடையாது.

சாலையை மாற்றக் கேட்பது எப்படி?

'கவனமாகப் போ' என்று சைக்கிள்காரரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. வேகமான சாலையில் பிழை செய்யாத சைக்கிள்காரரும் அடிபடுகிறார். பொதுப்பணி இலாகா சைக்கிள் பாதை வடிவமைப்புக்கென்று தொழில்நுட்ப வழிகாட்டி ஒன்றை 1986ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறது. எப்படிப் போடுவது என்று தெரியாமல் பாதைகள் போடாமல் விடப்படவில்லை. கேட்கிறவர்கள் குறைவாக இருப்பதும், கேட்பது சரியான இடத்துக்குப் போய்ச் சேராததும் காரணங்களில் சில.

யாரிடம் கேட்பது என்பது சாலையைப் பொறுத்தது. டோல் நெடுஞ்சாலையும் அதன் அடிவழிப் பாதைகளும் மேம்பாலங்களும் என்றால் மலேசிய நெடுஞ்சாலை வாரியமும் நெடுஞ்சாலை நிறுவனமும். கூட்டரசு சாலை, மாநிலச் சாலை என்றால் மாவட்டப் பொதுப்பணி இலாகா. தாமான் சாலைகளும் பட்டணச் சாலைகளும் என்றால் நகராண்மைக் கழகம். தோட்டத்துக்குள் இருக்கும் சாலை நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடிதத்தில் பொதுவாக 'ஆபத்தான சாலை' என்று எழுதுவதைவிட, கிலோமீட்டர் கல் எண்ணைக் குறிப்பிடுங்கள். காலை 6.30 முதல் 7.30 வரை எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். படம் இணையுங்கள். முன்பு நடந்த விபத்துகளின் போலீஸ் புகார் எண்கள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், குடியிருப்பாளர் சங்கம் சேர்ந்து கையெழுத்திட்டால் கடிதத்துக்கு எடை கூடும். பிரதியைச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள்.

கேட்பதும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். சந்திப்பில் ஒரு தெருவிளக்கு, அடிவழிப் பாதையில் விளக்கும் வடிகாலும், ஒன்றரை மீட்டர் தார் போட்ட ஓரம், பள்ளி வட்டார வேக வரம்புப் பலகை, வேலியில் பாதசாரி வழி ஆகியவை ஒரு மேம்பாலத்தைவிட விரைவில் கிடைக்கக்கூடியவை. நெடுஞ்சாலைக்கு அடியில் பழைய தோட்டப் பாதை செல்லும் கான்கிரீட் சுரங்கம் பல இடங்களில் ஏற்கெனவே உண்டு. இருட்டும் தேங்கிய தண்ணீரும் காரணமாக அதை யாரும் பயன்படுத்தாமல், மேலே ஏறி வேலி தாண்டிக் கடக்கிறார்கள். அந்தச் சுரங்கத்தைச் சுத்தம் செய்து விளக்குப் போடுவது பெரிய செலவில்லை.

வீட்டில் ஒட்டி வைக்க

பச்சைப் பலகைச் சாலையில் சைக்கிள் ஏறக் கூடாது. அவசரத் தடத்திலும் கூடாது.

நீலப் பலகைச் சாலையில் இடது ஓரம், ஒருவர் பின் ஒருவர், எதிர்த்திசை கூடாது.

பிரியும் வளைவிலும் பெரிய சந்திப்பிலும் இறங்கித் தள்ளுங்கள்.

லோரியின் இடப்பக்கம் நிற்க வேண்டாம்.

கனத்த மழையில் ஓட்ட வேண்டாம். கடை ஐந்தடியிலோ பேருந்து நிறுத்தத்திலோ காத்திருங்கள். சாலை ஓரத்திலும் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியிலும் நிற்க வேண்டாம்.

இருட்டில் விளக்கு இல்லாத சைக்கிள் வாசலைத் தாண்டக் கூடாது.

பயிற்சிக்கு ஓட்டுகிறவர்கள் சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். கோலாலம்பூரில் ஞாயிறு காலையில் கார்களுக்கு மூடப்படும் சாலைகள் உண்டு. உள்தோட்டச் சாலைகளில் அனுமதி பெற்று ஓட்டலாம். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒரே சாலைதான்.

விபத்து நேர்ந்தால் முதலில் 999ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி தூரத்தில் ஒருவர் நின்று, கைத்தொலைபேசி விளக்கைக் காட்டட்டும்.